வாழைக்குலையும் தலையில்லாச் சிலையும்

(லண்டனில் தமிழ் வாசகர்கள் கூடிய மாலை அமர்வொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திரையில் தெரிவது ஜார்ஜோ டெ கிரிகோ 1913இல் பாரிசில் வரைந்த படம். பெயர் 'கவிஞனின் நிச்சயமின்மை'. எண்ணெய் வண்ணம், உயரம் 106 சென்டிமீட்டர், அகலம் 94. இந்த ஊரின் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். திரையில் பெரிதாகத் தெரிகிறதே என்று நினைத்துவிடாதீர்கள், அசல் ஒரு சாதாரண ஜன்னல் அளவுதான்.

ஆளில்லாத சதுக்கம். ஒரு பக்கம் வளைவுகள் வரிசையாக உள்ளே ஓடுகிற மண்டபம். வளைவுகளுக்குள் இருட்டு. முன்னால் வெள்ளையாக ஒரு பெண்ணுடல்: தலை இல்லை, கை இல்லை, இடுப்பு மட்டும் சற்றே முறுக்கித் திரும்பியிருக்கிறது. காதல் தேவதை அஃப்ரோடைட்டியின் உருவம் என்கிறார்கள். அதன் அருகே, தரையில், வாழைப்பழக் குலை ஒன்று. பின்னால் செங்கல் சுவர். சுவருக்கு அப்பால் ஒரு ரயில் புகைவிட்டுப் போகிறது. ஒரு கப்பலின் பாய்மரமும் எட்டிப்பார்க்கிறது. வானத்தில் பச்சை கலந்திருக்கிறது. அவ்வளவுதான். எதுவும் விசித்திரப் பிராணி இல்லை, எதுவும் உருகவில்லை, எதற்கும் இறக்கை முளைக்கவில்லை. எல்லாமே நாம் பெயர் சொல்லக்கூடிய பொருள்கள். ஆனாலும் 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்காமல் ஒருவர்கூட இந்தப் படத்தைக் கடப்பதில்லை.

1985 ஏப்ரல் தொடக்கத்தில் டேட் இந்தப் படத்தை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியதாக கார்டியன் நாளிதழில் ஒரு செய்தி வந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்பதையும் செய்தி ஒரு வரியில் சொல்லிவிட்டது: ஓர் உடற்சிலை, ஒரு குலை வாழைப்பழம். மளிகைக் கடைச் சீட்டு மாதிரி. இதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்களில் ஒருவர் வெண்டி கோப் என்ற ஆங்கிலக் கவிஞர். அவர் சிரித்ததோடு விடவில்லை, படத்தின் பெயரையே தலைப்பாக்கி ஒரு கவிதை எழுதினார். அந்தக் கவிதைக்குப் பிறகு வருகிறேன். இந்தப் படத்துக்கு வந்த விளக்கங்களிலேயே நல்லது அதுதான் என்பது என் கட்சி.

முதலில் வழக்கமான சாவிகளை எடுத்துப் பார்ப்போம். ஓவியர் வாழ்க்கையிலிருந்து கிடைக்கிற சாவி மிகவும் பளபளப்பானது. டெ கிரிகோ இத்தாலியரானாலும் பிறந்தது கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்தில், 1888இல். தந்தை எவாரிஸ்தோ ரயில்பாதை போடும் பொறியாளர். தெசாலிப் பகுதியின் இருப்புப் பாதைகள் அவர் கைவண்ணம். பெலியோன் மலைமேல் 60 சென்டிமீட்டர் அகலத்தில் அவர் போட்ட குறும்பாதையின் ஒரு பகுதியில் இன்றும் சுற்றுலா ரயில் ஓடுகிறது. மகனுக்கு 16 வயதாகும்போது, 1905இல், தந்தை இறந்துபோகிறார். ஆக, படத்தில் போகிற ரயில் தந்தை. பழைய கதையில் ஜேசன் பொன் கம்பளி தேடிக் கப்பலேறிய இயோல்கோஸ் நகரம் வோலோசுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆக, பாய்மரம் அந்தக் கப்பல். உடைந்த சிலை கிரேக்க மண்ணில் தோண்டினால் வருவது. எல்லாம் பொருந்திவிட்டது, இல்லையா?

பொருந்திவிட்டதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தந்தையை இழந்த பிள்ளைகள் ஏராளம், அதில் ரயில்வே ஊழியர் பிள்ளைகளும் கணிசம். அவர்கள் யாரும் இப்படி ஒரு படத்தை வரையவில்லை. ரயில் எங்கிருந்து வந்தது என்பதை வாழ்க்கை வரலாறு சொல்லும். வாழைக்குலைக்குப் பின்னால் அது ஏன் நிற்கிறது என்பதைச் சொல்லாது.

இரண்டாவது சாவி அவரே கொடுத்தது. ஏதென்ஸில் படித்து, 1906 முதல் மியூனிக் கலைக்கல்லூரியில் பயின்று, தத்துவவாதிகள் நீட்சேயும் ஷோபன்ஹவரும் தலைக்கேறி, 1910இல் ஃப்ளோரன்ஸ் வந்து சேர்கிறார். குடல் நோய் வந்து எழுந்த நேரம். இலையுதிர்காலப் பிற்பகல் ஒன்றில் சாந்தா குரோச்சே சதுக்கத்தில், தாந்தே சிலைக்கு எதிரே, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். முன்பே பார்த்த சதுக்கம்தான். திடீரென்று எல்லாவற்றையும் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் தோன்றுகிறது. அதை வரைந்த படம்தான் 'ஓர் இலையுதிர்காலப் பிற்பகலின் புதிர்'. அடுத்த ஆண்டு தன் உருவத்தையே வரைந்து, புதிரைத் தவிர வேறெதை நேசிப்பது என்ற பொருளில் ஒரு லத்தீன் வரியை அதன் கீழ் எழுதிவைத்தார். 23 வயதுக்கு உரிய மிடுக்கு அது. அந்தக் கோடையில் டூரின் வழியாகப் பாரிஸ் போனார். நீட்சே புத்தி பேதலித்த ஊர் டூரின். அதன் நீண்ட வளைவு மண்டபங்கள் பிறகு இவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வந்தன. பாரிசில் இவரை முதலில் எழுதிப் பாராட்டியவர்களில் ஒருவர் கவிஞர் அப்போலினேர்.

வாழ்க்கை வரலாறு போதும். இனி நிழலைப் பார்ப்போம், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இந்தச் சபையில் இருக்கிறவர்களில் பலர் சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்தவர்கள். நமக்கு உச்சிப்பொழுது என்றால் நிழல் காலுக்கடியில் ஒடுங்கிவிடும் நேரம். ஏப்ரலில் ஒரு நாள் சூரியன் நேர் தலைக்கு மேலே நின்று, நிழலே இல்லாமலும் போகும். லண்டனில் டிசம்பர் 21 அன்று நண்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறியிருக்கும். ஐந்தரை அடி ஆளின் நிழல் கிட்டத்தட்ட 20 அடி நீளும். கடிகாரம் பன்னிரண்டு என்கிறது, நிழல் மாலை ஆகிவிட்டது என்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு இந்த ஊரின் முதல் குளிர்காலத்தில் ஒரு திகைப்பு வருமே, குளிர் மட்டும் அதற்குக் காரணமில்லை என்று நினைக்கிறேன்.

டெ கிரிகோ இந்தத் திகைப்பைத் தெரிந்தே பயன்படுத்தினார். இந்தப் படத்துக்கு அடுத்த ஆண்டு அவர் வரைந்த மோன்பர்னாஸ் ரயில் நிலையப் படம் நியூயார்க்கில் இருக்கிறது. அதில் நிலையக் கடிகாரம் ஒன்றரை மணிக்குச் சற்று முன் காட்டுகிறது, நிழல்களோ மாலைபோல் நீண்டு கிடக்கின்றன. அந்தப் படத்திலும் வாழைக்குலை உண்டு, ரயில் உண்டு. நடக்க முடியாத நிழல் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். டிசம்பர் பாரிசில் அது நடக்கக்கூடியதுதான். நடக்க முடியாதது வேறு: நிழல் வடக்கத்திய குளிர்காலத்து நிழல், வெயிலின் நிறமோ தெற்கத்திய மஞ்சள். இரண்டு அட்சரேகைகளை ஒரே சதுக்கத்தில் போட்டுவிட்டார். நம் உடம்புக்கு வெயிலைப் பற்றி ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்கு இங்கே தப்புகிறது. 'ஏதோ சரியில்லை' என்ற உணர்வு மூளைக்கு எட்டும் முன்பே தோலுக்கு எட்டிவிடுகிறது.

இதேபோல் மண்டபத்தின் கோடுகளையும் பாருங்கள். பார்வைக் கோணம் பழகிய மாணவர்கள் அளவுகோல் வைத்து நீட்டிப் பார்க்கலாம். மண்டபம் ஓடுகிற திசைக்கும் தரை விரிகிற திசைக்கும் உடன்பாடு இல்லை. மறுமலர்ச்சிக்கால ஓவியர்கள் ஒரே புள்ளியில் எல்லாக் கோடுகளையும் கூட்டி, பார்க்கிறவனுக்கு ஓர் இடம் போட்டுக் கொடுத்தார்கள். அரசன் சிம்மாசனம் மாதிரி. டெ கிரிகோ அதே கோடுகளைப் போட்டு, அந்த இடத்தை மட்டும் பறித்துவிட்டார். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதே நமக்கு நிச்சயமில்லை. படத்தில் கவிஞன் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: நிச்சயமில்லாமல் நிற்கிற ஆள் நீங்களாகவும் இருக்கலாம்.

சரி, வாழைப்பழம். நீங்கள் எல்லாரும் காத்திருப்பது இதற்குத்தான் என்று தெரியும்.

ஃபிராய்டிய வாசிப்பை நான் சொல்லவே வேண்டியதில்லை. பெண்ணுடல், பக்கத்தில் வாழைப்பழம். கூடத்தில் யாரோ ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள். ஃபிராய்டு கடைசிக் காலத்தில் நம் ஊர்க்காரர்தான். 1938இல் வியன்னாவிலிருந்து தப்பி வந்து ஹாம்ஸ்டெட்டில் குடியிருந்தார். அவருடைய மேசை நிறையப் பழங்காலச் சிறு சிலைகள். இன்றும் அந்த வீட்டில் பார்க்கலாம். அந்த வாசிப்பு தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சிரித்து முடித்ததும் தீர்ந்துவிடுகிறது. படம் தீரவில்லை.

சரித்திர வாசிப்பு இதைவிட வேலை செய்கிறது. நீராவிக் கப்பல்களும் குளிர்சாதன அறைகளும் வந்த பிறகுதான் வாழைப்பழம் ஐரோப்பிய நகரங்களில் சாதாரணமாயிற்று. 1880களின் இறுதியில் கேனரி தீவுகளிலிருந்து லண்டனுக்கு வரத் தொடங்கி, 1901இல் எல்டர்ஸ் அண்ட் ஃபைஃப்ஸ் நிறுவனம் அமைந்த பிறகு ஜமைக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. இன்று வங்கிக் கோபுரங்கள் நிற்கிற கேனரி வார்ஃபுக்கு அந்தப் பெயர் வந்ததும் 1930களின் நடுவில் கேனரி தீவுப் பழச்சரக்குக்காக அங்கே ஒரு துறை கட்டியதால். ஆகவே 1913இல் பாரிஸ்காரன் கண்ணில் வாழைக்குலை என்பது தூரதேசம், காலனி, ஓவியர் கோகன் போய் வரைந்த தீவுகள். பாய்மரமும் ரயிலும் வாழைக்குலையும் ஒரே வியாபாரப் பாதையின் மூன்று கண்ணிகள். இந்த வாசிப்பு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இதில் பழம் வெறும் குறியீடாகாமல் பழமாகவே இருக்கிறது.

ஆனால் அந்தப் பாரிஸ்காரன் கண் நமக்கு இல்லையே. நமக்கு வாழைக்குலை வந்தால் அது வீட்டுப் பொருள். கல்யாண வாசலில் குலை தள்ளிய வாழையைத்தான் இரண்டு பக்கமும் கட்டுவோம். தாம்பூலத்தில் வெற்றிலை பாக்கோடு பழம் இல்லாமல் தட்டு நிறையாது. ஈஸ்ட்ஹாம் கடையில் கதலியும் யாழ்ப்பாணத்து இதரையும் எந்த நாள் வந்து இறங்கும் என்று விசாரித்து வைத்திருக்கிறவர்கள் இங்கே குறைந்தது பத்துப்பேர். நம்மைப் பொறுத்தவரை இந்தப் படத்தில் பழக்கமான ஒரே பொருள் அதுதான். மண்டபமும் அஃப்ரோடைட்டியும்தான் நமக்கு அயல்நாடு. ஐரோப்பியருக்குத் திகைப்பு எந்த மூலையிலிருந்து கிளம்புகிறதோ, நமக்கு அதன் எதிர் மூலையிலிருந்து கிளம்புகிறது.

சிலையும் அப்படித்தான். தலையும் கையும் இல்லாத பளிங்கு உடல் ஐரோப்பியருக்கு அழகின் உச்சம். பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தெனான் சிற்பங்கள் முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறார்களே, அங்கே தலையோடு இருப்பவை எத்தனை? உடைந்திருப்பதே அவற்றின் தொன்மைக்குச் சான்றிதழ். நம் வழக்கத்தில் பின்னமான விக்கிரகத்துக்குப் பூசை கிடையாது; கருவறையிலிருந்து எடுத்துவிடுவார்கள், நீரில் சேர்ப்பார்கள். அப்படிப்பட்ட உருவத்துக்கு முன்னால் ஒரு குலை பழத்தை யார் கொண்டுவந்து வைத்தது? படையலா? படைத்தவர் எங்கே? இந்தக் கேள்வி டெ கிரிகோவுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. நமக்கு வருகிறது, அதை ஒளித்துவைக்க அவசியமும் இல்லை. ஆனால் இதுதான் படத்தின் 'உண்மைப் பொருள்' என்று மேடை போட்டுப் பேசத் தொடங்கினால், ஃபிராய்டியருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை.

பொருள்களைக் குறியீடாகப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, அவை எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்த்தால் வேறொன்று தட்டுப்படுகிறது. பளிங்கு ஈராயிரம் ஆண்டு தாங்கும். செங்கல் சுவர் சில நூறு. நிழல் இந்த வடிவில் ஐந்து நிமிடம் நிற்கும். ரயில் இன்னும் அரை நிமிடத்தில் சட்டகத்தை விட்டுப் போய்விடும். பழம் நான்கு நாளில் கறுக்கும். ஓவியர் சதுக்கத்தில் ஒரு கடிகாரமும் வைக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பொருளும் வேறு வேறு வேகத்தில் ஓடுகிற கடிகாரம். அவை எல்லாம் ஒரே கணத்தில் நின்றிருக்கின்றன. அழுகப்போகிற ஒரே பொருளை எடுத்துவிட்டுப் படத்தைக் கற்பனை செய்து பாருங்கள். வெறும் பழம்பெருமைப் படம் ஆகிவிடும், சுற்றுலா அட்டையில் போடலாம். அதனால்தான் அந்தக் குலை 10 லட்சம் பவுண்டில் பெரும்பங்கைச் சம்பாதித்துக் கொடுத்தது என்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நம்மிடம் அகப்பாடல்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரம் சொல்வது: நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்து மரம், பறவை, தொழில், உணவு எல்லாம் கருப்பொருள், இவற்றின் நடுவே நிகழ்கிற மனநிலை உரிப்பொருள். நல்ல பாடலில் மனநிலையை நேராகச் சொல்லவே மாட்டார்கள். வயல் நிலமான மருதத்து எருமை தாமரைப்பூவை மேய்ந்துவிட்டு வருகிறது என்பதோடு நின்றால் போதும், தலைவன் எங்கே போய்விட்டு வருகிறான் என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். உள்ளுறை என்றார்கள் இதை.

இந்தக் கண்ணோடு படத்தைப் பார்த்தால், நமக்கு வேலை பாதி முடிந்ததுபோல் இருக்கும். பொழுது சாய்கிற நேரம், எற்பாடு. கடற்கரை நிலமான நெய்தலின் சிறுபொழுது. தூரத்தில் பாய்மரம், கடல் அருகில் இருக்கிறது. போகிற ரயில், பிரிவு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இதற்கு வலுச் சேர்க்கிற இன்னொரு செய்தியும் உண்டு. இந்தப் படத்தை ஒட்டிய 1912, 1913ஆம் ஆண்டுகளில் டெ கிரிகோ அரியாட்னியின் சிலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். தூங்கும்போது தீசியஸ் கைவிட்டுக் கப்பலேறிப் போய்விட, நாக்சஸ் தீவின் கரையில் தனியே விழித்தவள் அரியாட்னி. தலைவன் கலமேறிப் போய்விட்டான், கரையில் ஒருத்தி, பொழுது சாய்கிறது. நெய்தல் பாடிய எந்தப் புலவரையும் கூப்பிட்டு அந்தத் தொடர் ஓவியங்களைக் காட்டினால் ஒரு வார்த்தை விளக்கம் கேட்க மாட்டார். இந்தப் படத்தில் இருப்பது அரியாட்னி இல்லைதான், ஆனால் அதே சதுக்கம், அதே பொழுது, அதே பாய்மரம்.

கைதட்டாதீர்கள், இன்னும் முடிக்கவில்லை. இத்தாலியருக்கு நெய்தல் திணை தெரிந்திருந்தது என்று சொல்லிவிட்டுப் போவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த உற்சாகம் இல்லை. உள்ளுறை வேலை செய்ய ஒரு நிபந்தனை இருக்கிறது. எருமை என்றால் என்ன, தாமரை என்றால் என்ன என்பதில் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் ஏற்கெனவே ஓர் உடன்பாடு இருந்தாக வேண்டும். அந்த உடன்பாடு இருப்பதால்தான் சொல்லாமல் விட முடிகிறது. ஐரோப்பாவிலும் அப்படி ஓர் உடன்பாடு நெடுங்காலம் இருந்தது. மாதா கையில் அல்லி மலர் என்றால் தூய்மை, மேசையில் மண்டையோடு என்றால் மரணம், பாமரருக்கும் தெரியும். டெ கிரிகோ செய்தது என்ன? உள்ளுறையின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டார்: நிலம் இருக்கிறது, பொழுது இருக்கிறது, கருப்பொருள் இருக்கிறது, எல்லாம் ஏதோ ஒன்றைச் சுட்டுகிற தோரணையில் கவனமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உடன்பாட்டை மட்டும் எடுத்துவிட்டார். உரை தொலைந்துபோன அகப்பாடலைக் கேட்பது போன்ற நிலை நமக்கு. ஏதோ சொல்லப்படுகிறது என்பது உறுதியாகத் தெரிகிறது. என்ன என்பது தெரியவில்லை. அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற பதற்றம்தான் படம். யாராவது வந்து 'வாழைப்பழம் என்றால் இன்னது' என்று உரை எழுதினால் பதற்றம் போய்விடும், படமும் போய்விடும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 1919இல், ரோமில் வெளிவந்த ஒரு கலை இதழில், டெ கிரிகோவே இதற்குக் கிட்டத்தட்ட ஒரு பாடம் எழுதியிருக்கிறார். ஓர் அறைக்குள் நுழைகிறேன், ஒருவர் நாற்காலியில் இருக்கிறார், மேலே பறவைக் கூண்டு தொங்குகிறது, அலமாரியில் புத்தகங்கள். இதில் எனக்கு வியப்பு எதுவும் இல்லை, ஏனென்றால் நினைவு என்கிற சங்கிலி ஒன்றை மற்றொன்றோடு பூட்டிவைத்திருக்கிறது. என் விருப்பமில்லாமல் ஒரு கணம் அந்தச் சங்கிலி அறுந்தால், அதே ஆளும் அதே கூண்டும் எனக்கு என்ன திகிலைத் தரும், என்ன மகிழ்ச்சியைத் தரும்? பைத்தியத்தைப் பற்றி ஷோபன்ஹவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவர் எழுதியதன் சாரம் இது. ஃப்ளோரன்ஸ் பெஞ்சில் அறுந்தது அந்தச் சங்கிலிதான். படத்தில் அவர் நமக்கும் அதை அறுத்துக் காட்டப் பார்க்கிறார்.

வெண்டி கோப் கவிதைக்கு வருகிறேன் என்றேன். அதில் அவர் செய்திருப்பது ஒரே வேலை. தான் கவிஞர், தனக்கு வாழைப்பழம் பிடிக்கும் என்கிற இரண்டு சாதாரணச் சொற்றொடர்களை எடுத்துக்கொண்டு, அந்தச் சொற்களையே கலைத்துக் கலைத்து வேறு வேறு வரிசையில் அடுக்குகிறார். புதுச் சொல் எதையும் தேடிப் போவதில்லை. வேடிக்கைக் கவிதை, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் படிக்கப் படிக்க, யார் கவிஞர், எது பழம், எது எதை விரும்புகிறது என்று ஆட்டம் காண ஆரம்பிக்கிறது. பழக்கமான பொருள்கள், வரிசை மட்டும் மாறியிருக்கிறது: டெ கிரிகோவின் வேலைமுறை அதுவேதான். அவர் படத்தை விளக்கவில்லை, இயக்கிக் காட்டிவிட்டார். அவர் கேலி செய்தது டேட் கொடுத்த விலையையா, செய்தித்தாளின் மளிகைச் சீட்டையா என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளலாம்.

படம் லண்டன் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்ரியலிஸ்டுகளுக்கு டெ கிரிகோ குலதெய்வம். பாரிசில் பேருந்தில் போய்க்கொண்டிருந்த அவர்களின் தலைவர் ஆந்த்ரே பிரெதோன், ஒரு கடை ஜன்னலில் இவருடைய ஓவியம் ஒன்றைப் பார்த்து இறங்கி ஓடினார் என்பது அவர்களுக்குள் புராணம். கவிஞர் பால் எலுவாரிடம் நம் படம் இருந்தது. 1936இல் லண்டன் நியூ பர்லிங்டன் காலரியில் சர்வதேச சர்ரியலிசக் கண்காட்சி நடந்தது. ஓவியர் சால்வதோர் தாலி ஆழ்கடல் மூழ்குபவரின் உடையும் தலைக்கவசமுமாகச் சொற்பொழிவாற்ற வந்து மூச்சுத் திணறியது அங்கேதான். அந்த விபத்து இன்றைய பேச்சாளருக்கு நேராது, கவலை வேண்டாம். அந்தக் கண்காட்சியை நடத்தியவர்களில் ஒருவரான ரோலண்ட் பென்ரோஸ், 1938இல் எலுவாரின் சேகரிப்பை மொத்தமாக வாங்கினார். 1984இல் அவர் காலமாக, மறு ஆண்டு படம் டேட்டுக்குப் போனது.

இதற்கிடையில் ஓவியர் கட்சி மாறிவிட்டார். 1919க்குப் பிறகு பழைய ஓவிய மேதைகளின் கைத்தொழிலே கலை என்று பேசத் தொடங்கினார், சர்ரியலிஸ்டுகள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர்களுக்குப் பிடித்த பழைய படங்களைப் பிற்காலத்தில் தானே மீண்டும் வரைந்து, முந்தைய தேதியைப் போட்டு விற்றார். 'கலங்கடிக்கும் தேவதைகள்' என்ற ஒரே படத்துக்கு இப்படிப் பல பிரதிகள் உண்டு. ஏமாற்று வேலையா, விமர்சகர்கள் மீது பழிவாங்கலா என்று இன்னும் சண்டை நடக்கிறது. 1978இல் ரோமில் இறக்கும்வரை அவர் இதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்கு இதில் ஒழுக்கப் பிரச்சினையைவிட வேறொன்று சுவாரசியம்: சங்கிலி ஒருமுறைதான் அறுபடும். அறுந்த சங்கிலியை அதே இடத்தில் மறுபடி அறுத்துக் காட்டினால் அது கைவேலை. பிரதிகளில் நிழல் சரியாக இருக்கிறது, சதுக்கம் சரியாக இருக்கிறது, திகைப்பு மட்டும் இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய முயற்சி எது என்று கேட்டால், கே.சி.எஸ். பணிக்கரைச் சொல்வேன். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கியவர். 1960களில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், கணக்குப் புத்தகம் மாதிரி வரிகள், எழுத்து மாதிரி கிறுக்கல்கள். மலையாளமா தமிழா என்று கிட்டப் போய்ப் படிக்கப் பார்த்தால் படிக்க முடியாது. எழுத்தின் தோரணை இருக்கிறது, எழுத்து இல்லை. டெ கிரிகோவிடமிருந்து கற்றார் என்று நான் சொல்லவில்லை. ஜாதகம் பார்த்தே பழகிய ஒரு சமூகத்தின் கண்ணுக்கு முன்னால், படிக்க முடியாத ஜாதகத்தை வைத்த துணிச்சலைச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. டெ கிரிகோவைத் தொடர்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் இஸ்லிங்டனில் கேனன்பரி சதுக்கத்தில் இருக்கிற எஸ்டோரிக் சேகரிப்புக்குப் போகலாம். நவீன இத்தாலியக் கலைக்கென்றே 1998இல் திறந்த சிறிய அருங்காட்சியகம். ஹைபரி அண்ட் இஸ்லிங்டன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். 1912இல் வரைந்த 'மெலங்கோனியா' அங்கே இருக்கிறது. நான் சொன்ன அரியாட்னிதான், பீடத்தில் படத்தின் பெயர் பொறித்து. 1916இல் வரைந்த 'ஞானியின் கலகம்' என்ற படமும் இருக்கிறது. போர்க்காலத்தில் ஃபெராரா நகரில் பட்டாளத்தில் இருந்தபோது வரைந்தது. அதில் சதுக்கமும் இல்லை, சிலையும் இல்லை. சட்டங்களும் கோல்களும் முட்டிமோதுகிற சின்ன இடத்தில் பிஸ்கட்டுகள். ஃபெராராவின் யூதக் குடியிருப்புக் கடைகளில் அவர் பார்த்த பிஸ்கட்டுகள் அவை. சில விமர்சகர்கள் அந்த பிஸ்கட் படங்களைத்தான் அவருடைய உச்சம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே எல்லாமே நெருக்கமாக, அறைக்குள் அடைந்து கிடப்பதால் வெயிலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. நீங்கள் பார்த்துவிட்டு மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், அடுத்த அமர்வில் அதையே பேசலாம்.